தனகோடி தாண்டாத வரப்பு

போன வாரம் தனகோடியின் மகன் போன் செய்து, "அப்பா போயிட்டாரு மாமா, நெஞ்சுவலி" என்றான். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. என் நிலத்து மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று இனி யாரிடம் கேட்பேன்?

பீன்யா தொழிற்பேட்டையில் எங்களோடு முலாம் பூசும் பட்டறையில் நின்றவர்களுக்கு அவர் வாய் தெரியும். தொட்டி கழுவிய பச்சைத் தண்ணீர் சாக்கடையில் இறங்கும்போது, "போகுது பாரு, ஊருக்கெல்லாம் விருந்து" என்பார். நாங்கள் சிரிப்போம். வேலைச் சட்டையோடு அவர் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

ஓய்வுக்குப் பிறகு நான் நகரத்துக்கு வெளியே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டேன். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடை லாரியில் கொண்டுவந்து சும்மாவே கொட்டினார்கள். முதல் லாரியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டேன், மடையன். கீரை என்னமாய் வந்தது! மாசமாக இருந்த என் மகளுக்குத் தினமும் அதுதான்.

பார்க்க வந்த தனகோடி வரப்பைத் தாண்டவில்லை. "யோவ், வெறும் மனுசன் கழிச்சதுன்னா நானே அள்ளிப் போடுவேன். நம்ம பட்டறைத் தண்ணியும் அதே குழாயிலதானய்யா போச்சு?" பக்கத்து நிலத்தில் கீரை போட்டிருந்த கௌடரிடமும், "பேடா கௌட்ரே, ஹாக்பேடி" என்று, போடவேண்டாமென்று கன்னடத்தில் கெஞ்சினார். கௌடர் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பொழப்பக் கெடுக்காதய்யா!" என்று கத்தினேன்.

"எனக்குப் பயமா இருக்குய்யா. உன் பொண்ணு சாப்பிடுறா" என்றார். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று பலமுறை நினைத்தேன். முடிவைக் கேட்கும் தைரியம் இல்லாமல் விட்டுவிட்டேன்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் கீரை முழுவதையும் பிடுங்கினேன். லாரிக்காரரிடம் வேண்டாம் என்றேன். அவர் கௌடர் நிலத்தில் கொட்டிவிட்டுப் போனார்.

இன்று காலை மகள் சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து பை நிறையக் கீரையோடு வந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"நீங்கதான் பிடுங்கிட்டீங்களே, அதான் மார்க்கெட்ல வாங்கினேன்ப்பா. எவ்ளோ பசேல்னு இருக்கு பாருங்க!"

"யார் நிலத்துக் கீரைம்மா?"

"அதெல்லாம் யாருப்பா கேப்பாங்க?"

தனகோடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறேன். உள்ளே அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.