ரோசல்வா தானே திருகிய வால்வு

ஹவாசு ஏரிப் படகுத்துறையில் அந்த வசந்தகாலம் முழுக்க ரோசல்வா ஒச்சோவாவின் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற, நாற்பதைத் தாண்டிய பெண் அவள். நின்றுகொண்டே ஓட்டுகிற ஜெட் ஸ்கியில் ஆண்களோடு பந்தயத்துக்கு இறங்கினாள். ஏரி நடுவில் பிஸ்டன் இறுகி, இன்ஜின் சீஸ் ஆகி நின்றது. மீன்பிடிக்க வந்த ஒருவர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தார். நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சொன்னவர்களின் கைச்சரக்கு.

அந்த இன்ஜினைக் கட்டிக்கொடுத்தவன் டுவெய்ன் ஸ்டால்கப். ஊரில் பந்தயம் ஓட்டுகிற பாதிப் பேருடைய வண்டி அவன் பட்டறையில்தான் தயாராகும். ரோசல்வாவின் தம்பி ஹிலாரியோவும் அங்கேதான் வேலை செய்தான்.

"இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல, ரோசி. நீதான் ஆக்சிலேட்டரை விடாம அமுக்கிப் பிடிச்சிருக்க. பொம்பளைங்க ஓட்டினாலே இப்படித்தான்" என்றான் டுவெய்ன்.

"ரேஸ்ல அமுக்காம வேற எங்க அமுக்கறது?"

"கோவப்படாத. வண்டியை இங்க விட்டுட்டுப் போ, புது பிஸ்டன் போட்டுத் தரேன். அடுத்த தடவ பொம்பளைங்க பிரிவுல ஓட்டு. அங்க ரவுண்டு கம்மி, இன்ஜினும் தாங்கும்."

ரோசல்வா தம்பி பக்கம் திரும்பி, "வண்டியை டிரக்ல ஏத்துடா" என்றாள்.

வீட்டுக் கொட்டகையில் இருவருமாக இன்ஜினைப் பிரித்தார்கள். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது. சூடு தாங்காமல் வந்த கோடுகள்.

இந்த வண்டிக்கு ஏரிதான் ரேடியேட்டர். பின்னால் தண்ணீரைப் பீச்சி வண்டியைத் தள்ளுகிற பம்பிலிருந்தே ஒரு சிறு பங்கு, ரப்பர் குழாய் வழியாக இன்ஜினுக்கு வரும். சூட்டை வாங்கிக்கொண்டு, வண்டியின் ஓரத்தில் இருக்கிற துளை வழியாக மெல்லிய பீச்சலாக வெளியே போகும். அந்தப் பீச்சல் தெரிகிறவரை ஓட்டுகிறவருக்குப் பயமில்லை.

"டுவெய்ன் வேணும்னு செய்யலக்கா" என்றான் ஹிலாரியோ. "தண்ணி உள்ள வர்ற வழியைக் குறுக்கி வச்சிருக்காரு. சூடா ஓடினா இழுப்பு நல்லா இருக்கும்."

"நல்லாத்தான் இழுத்துச்சு. கடைசில என்னையே கயிறு கட்டி இழுக்க வேண்டியதாப் போச்சு."

உள்ளே வருகிற வழியை அவள் முழுசாகத் திறந்துவிட்டாள். அதற்குப் பதிலாக வெளியேறுகிற இடத்தில் சின்னத் துளை வைத்தாள். அப்போதுதான் இன்ஜினுக்குள் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஆனால் வேகம் கூடக்கூட பம்ப் தள்ளுகிற தண்ணீரும் கூடும். இன்ஜின் குளிர்ந்துபோய்த் திணறும். அந்த மிச்சத்தை ஏரிக்கே திருப்பிவிட ஒரு ஸ்பிரிங் வால்வு வேண்டும். வால்வை வாங்கிப் பொருத்திவிட்டார்கள். அதன் திருகை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

"டுவெய்னைத்தான் கேக்கணும்" என்றான் தம்பி.

"அவருக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல. அவரா செஞ்சு பாத்துக் கத்துக்கிட்டாரு."

"அப்ப நானும் செஞ்சு பாக்கறேன்."

கோடை விடுமுறையில் வெயில் ஏறுவதற்குள் தினமும் ஏரிக்குப் போனாள். முதலில் திருகை அதிகமாக இறுக்கிவிட்டாள். வால்வு திறக்கவே இல்லை. குளிர்ந்த இன்ஜின் இருமிக்கொண்டே தவழ்ந்தது. "ரோசி, வீட்ல குழாயை மூடாம வந்துட்டியா?" என்று துறையில் ஒருவன் கத்தினான். மறுநாள் தளர்த்தினாள். இந்த முறை வால்வு சீக்கிரமே திறந்து, வேண்டிய தண்ணீரையும் சேர்த்து வெளியே விட்டது. புகைக்குழாயை இணைக்கிற ரப்பர் கருகி, இன்ஜின் மூடிக்குள்ளிருந்து புகை வந்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்னும் அதிகம்.

அவள் புது ரப்பர் வாங்கி மாட்டினாள். பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கால் திருகுதான். ஓட்டிவிட்டு வந்து மூடியைத் திறந்து, சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் காலை ஆக்சிலேட்டரை அமுக்கியதும் கைப்பிடி இரண்டு தோளையும் பிடுங்கிக்கொண்டு போனது. மறுகரை வரை முழு வேகத்தில் போனாள்; ஓரத்துப் பீச்சல் ஒரே சீராக இருந்தது. திரும்பி வந்து சிலிண்டரைத் தொட்டாள். காப்பிக் கோப்பையைத் தொடுகிற சூடுதான். வால்வுத் திருகின் தலையில் ஒரு பொட்டுச் சிவப்பு நகச்சாயம் வைத்து, அந்த இடத்திலேயே பூட்டினாள்.

அக்டோபர் பந்தயத்தில் நடுவர் அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார். "பெண்கள் பிரிவு அந்தப் பக்கம்."

"தெரியும். நான் இந்தப் பக்கம்."

கொடி அசைந்ததும் கூட்டத்தின் நடுவில்தான் போனாள். மூன்றாவது சுற்றில் இருவரைத் தாண்டினாள், நான்காவது இடம். நீண்ட நேர்வழியில் பாதி போயிருப்பாள். ஓரத்துப் பீச்சல் மெலிந்தது, சொட்டியது, நின்றுவிட்டது.

கண் அதைப் பார்த்ததும் கை இன்ஜினை அணைத்துவிட்டது. மற்ற வண்டிகள் கிளப்பிய அலையில் வண்டி தத்தளிக்க, மூடியைத் திறந்து குழாயைக் கழற்றினாள். ஒரு சொட்டு வரவில்லை. பம்ப் வாயில் பாசி அடைத்திருந்தது. குழாயின் முனையை வாயில் வைத்து, மூச்சைப் பிடித்து ஊதினாள். மூன்றாவது ஊதலில் அடைப்பு விட்டது; சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் வந்தது. துப்பிவிட்டுக் குழாயை மாட்டினாள்.

மீட்புப் படகு பக்கத்தில் வந்தது. "கயிறு போடவா?"

"உன் கயிறை நீயே வச்சுக்கோ" என்று சொல்லி இன்ஜினைக் கிளப்பினாள். பீச்சல் எழுந்தது.

அதற்குள் மற்றவர்கள் பந்தயத்தை முடித்துக் கரையேறத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கு இன்னும் சுற்றுகள் பாக்கி. நடுவர் வரச்சொல்லிக் கொடியை ஆட்டினார். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுத்த மிதவையைச் சுற்றித் திரும்பினாள்.

"அவளக் கூப்பிடு, ஹிலாரியோ" என்றான் கரையில் நின்ற டுவெய்ன். "இன்னொரு பிஸ்டன் போயிரும்."

"போகாது" என்றான் ஹிலாரியோ.

"உனக்கென்னடா தெரியும்?"

"தண்ணி வருது பாருங்க." அதைச் சொல்லும்போது அவன் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கி அக்காவைக் கூப்பிடவும் இல்லை.

வெறும் ஏரியில் அவள் ஒருத்தி. நேர்வழியெல்லாம் முழு வேகம். மிதவைகளை எடுக்க வந்த படகு அவளுக்காகக் காத்து நின்றது. கடைசிச் சுற்றை முடித்துக் கரைக்கு வந்ததும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நேரம் தாண்டிப்போச்சும்மா. முடிச்சதா எழுத முடியாது" என்றார் நடுவர்.

"எழுத வேணாம். ஓட்டினது நான்தானே, எனக்குத் தெரியும்."

அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் ஆறாவதாக வந்தாள். டுவெய்ன் கட்டிய வண்டிகள் இரண்டு அவளுக்குப் பின்னால் வந்தன. பந்தயம் முடிந்ததும் அவனாகவே வந்து நின்றான். இன்ஜினைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டான்.

ரோசல்வா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

"பாரு" என்றாள். "ஆனா தொடாத."