தொழுவத்தில் கை கழுவும் இடம்

என் மனைவி பிரசவ வார்டில் தலைமைச் செவிலி. வீட்டிலும் அதே பதவிதான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் எனக்குக் கிடைக்கும் திட்டு, வார்டில் கணவன்மாருக்குக் கிடைப்பதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும். அப்படிப்பட்டவளிடம் எங்கள் சபை இந்த வருடம் கிறிஸ்து பிறப்புக் காட்சியை ஒப்படைத்தது.

ஒப்படைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளாகப் பிடுங்கிக்கொண்டாள். போன வருடம் வந்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று, பொம்மைக் குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டு, கேக் எங்கே என்று தேடிப் போய்விட்டார்கள்.

"பிள்ளை பொறந்த இடத்துக்கு வந்துட்டு யாராவது தூரத்துல நின்னு பார்ப்பாங்களா? கையில குடுக்கணும்," என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். சபைச் செயலாளருக்கு இதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. ஆனால் அவருடைய மூன்று பிள்ளைகளும் என் மனைவியின் வார்டில் பிறந்தவர்கள். சரியென்று தலையாட்டிவிட்டார்.

ஆக, வருகிறவர்கள் இனி வேடிக்கை பார்க்க முடியாது. வாசலில் ராயனுக்காக ஊர் ஜனத்தைக் கணக்கெடுக்கும் குடிமதிப்புக்காரன் கையில் முத்திரை குத்துவான். பிறகு சத்திரத்துக் கதவுகளை அவர்களே தட்டி, "இடமில்லை" என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பிடி வைக்கோலைச் சுமந்துகொண்டு தொழுவத்துக்கு வந்து குழந்தையைத் தூக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் தொழுவத்து வாசலில் ஒரு வாளி, சோப்பு, துண்டு. கை கழுவாமல் உள்ளே விடமாட்டாளாம். மேய்ப்பர்கள் சத்தம் போடக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துக் காணிக்கையோடு வரும் கிழக்கத்திச் சாஸ்திரிகள் மூவரும் ஒன்றாக நுழையக் கூடாது. நான்தான் மூன்றாவது சாஸ்திரி, தூபவர்க்கம் கொண்டுவருகிறவன்.

"கைக்குழந்தை இருக்கிற இடத்துல புகையா? வெளியவே நில்லுங்க," என்று என்னை நிறுத்திவிட்டாள். அட்டைக் கிரீடத்தோடு சன்னல் ஓரம் நின்றேன். அதனால்தான் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் உள்ளே வேறொரு கணக்கு இருந்தது. அவளுடைய தம்பி லாரி மெக்கானிக். அவனுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள், மாதம் நிறையாமல். பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறி, இப்போது கொழுகொழுவென்று வீட்டில் இருக்கிறாள். அப்பன் மட்டும் அவளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. தொட்டில் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். தூக்கச் சொன்னால் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போவான், போனவன் போனவன்தான்.

"இது எஞ்சினைக் கழட்டுற கை, அத்தான். அவ கழுத்து என் கட்டைவிரல் தண்டிகூட இல்லை," என்று என்னிடம் சொன்னான்.

அவன் மனைவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "அவருக்கு இவளைப் பிடிக்கலையோ, அண்ணி," என்று கேட்டு அழுதாளாம். அன்றைக்கு என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

அவனைத்தான் யோசேப்பு ஆக்கினாள். "பெத்தவ அசந்து படுத்திருப்பா. பிள்ளையைத் தூக்கிக் காட்டுறது அப்பன் வேலை," என்று மரியாளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள். மரியாளாக வந்த பள்ளிக்கூட டீச்சர் சந்தோஷமாக நிஜமாகவே தூங்கிப்போனார். பொம்மையின் வயிற்றில் உப்பை அடைத்துக் கனமாக்கினாள். கழுத்துத் தையலைப் பாதி பிரித்துவிட்டாள், சரியாகப் பிடிக்காவிட்டால் தலை தொங்க வேண்டும் என்று. "நாள் பூரா தூக்கினா கை தானா பழகிடும்," என்பது அவள் திட்டம்.

வரிசை தெருவரை நின்றது. மச்சினன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். "ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை இடுப்புக்கு. நெஞ்சோட அணைச்சுக்குங்க. அவசரமில்லை." பொம்மையைக் கொடுத்தால் திருப்பித் தர யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு போலீஸ்காரர் தாலாட்டே பாடிவிட்டார்.

தேநீர் நேரத்தில் என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "இப்ப நம்ம பாப்பாவைத் தூக்குவியாடா?"

"பொம்மை வேற, அவ வேற, அக்கா," என்றான். அவள் முகம் விழுந்துவிட்டது.

பிறகு செயலாளர் வந்தார். கை கழுவச் சொன்னதிலேயே அவருக்கு எரிச்சல். "எல்லாம் தெரியும்யா, மூணு பெத்தவன்," என்று, மச்சினன் சொல்லி முடிப்பதற்குள் பொம்மையை வெடுக்கென்று வாங்கினார். தலை அவர் கையோடு வந்துவிட்டது. உடம்பு கீழே விழுந்து, உப்பு அவர் செருப்பெல்லாம் கொட்டியது. பிள்ளைகள் வீறிட்டார்கள். மரியாள் விழித்து, "மணி அடிச்சாச்சா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

நான் சிரிக்க வாயெடுத்தேன். மச்சினனைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவன் எதை நினைத்து இத்தனை நாள் பயந்தானோ, அது அவன் கண்ணெதிரிலேயே நடந்துவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு கையைப் பின்னால் கட்டினான். ஆயிரம் பிரசவம் பார்த்த என் மனைவி, செயலாளரிடமிருந்து வாங்கிய பொம்மைத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

வரிசையில் அடுத்து நின்றது அவன் மனைவி. ஒரு கையில் வைக்கோல், தோளில் குழந்தை. வைக்கோலைப் போட்டுவிட்டு நேராக அவனிடம் போனாள்.

"வேண்டாம். பார்த்தே இல்ல?" என்றான்.

"பார்த்தேன். அவர் நீங்க சொன்னதைக் கேட்கலை. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களே, எனக்கும் சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமினான். "முதல்ல கை கழுவணும்."

"காலையில இருந்து கழுவிக்கிட்டேதானே இருக்கீங்க?"

"ஒரு கை கழுத்துக்கு..."

"வைங்க."

வைத்தான். "ஒரு கை இடுப்புக்கு" என்பதைச் சொல்லவில்லை, கை தானாகப் போனது. குழந்தை அவன் ஒட்டுத்தாடியைப் பிடித்து இழுத்தது. தாடி கழன்று வந்தது. தலை கழலவில்லை. அவன் அழுதான், மறைக்கவும் இல்லை. அவன் மனைவியும் அழுதாள். என் மனைவி வாளிப் பக்கம் போய், கை கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டாள்.

உப்பைத் தட்டி முடித்த செயலாளர் குரல் கொடுத்தார். "தெருவரைக்கும் ஆள் நிக்குது. அடுத்தவங்க கையில குடுப்பா."

"பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க. குடுக்க மாட்டேன்," என்றான் யோசேப்பு.

ஊரே வந்து எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனது, போன வருடம் மாதிரியே. என் மனைவி அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அசந்த நேரம் பார்த்து, நானும் என் தூபத்தோடு மெல்ல உள்ளே நுழைந்தேன்.

மச்சினன் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு என் பக்கம் முதுகைத் திருப்பினான். "அத்தான், புகையை வெளிய கொண்டு போங்க. பாப்பா இருக்கா, தெரியலை?"