ஆறு மணிக் கப்பல்

காத்தமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. அதில் பதினோரு வருஷத்தைப் போர்ட் பிளேரில் ஒரு கப்பல் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் முன்னால் கழித்திருக்கிறான். இன்னும் ஒப்பந்த ஊழியன்தான். அப்பனும் ஆத்தாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அவன்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். அந்த நாற்காலியை ஊரே கொண்டாடியது. கச்சால்காரர்கள் யாரும் கப்பல் நேரத்தைப் பலகையில் பார்க்க மாட்டார்கள். "காத்தமுத்துகிட்ட கேளு" என்பார்கள். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு போனை எடுத்து அவன் நேரம் சொல்லுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் புது சாப்ட்வேர் வந்தது. பழைய கால அட்டவணையை அதில் ஏற்றச் சொன்னார்கள். இருநூறு வரி. ஏற்றும்போது திரை ஒரு கேள்வி கேட்டது: இந்த நேரங்கள் எந்த நாட்டு நேரம்? காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. தாளில் ஆறு என்று இருந்தால் அது நம்ம ஆறுதானே, வேறு ஆறு எங்கே இருக்கிறது? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனான். திரையில் ஆறு ஆறாகவே தெரிந்தது. சரிபார்த்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரிலிருந்து ஒச்சம்மா கூப்பிட்டாள். பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவள், புருஷன் இல்லாதவள். அவளுடைய ஒரே மகன் ஈஸ்வரன் கச்சாலில் தோட்டத்து வேலையில் இருந்தான். காய்ச்சலில் கிடந்தவன் விடியற்காலை போய்விட்டானாம்.

"எம் மருமக ருக்குதான் அவன ஐஸ் வச்சுப் படுக்கப் போட்டிருக்கா தம்பி. செவ்வாக்கெழம காலை வரைக்கும்தான் தாங்கும்னு சொல்றாங்க. எம்புள்ள மொகத்த ஒரு தடவ பாத்துட்டா போதும். கப்பல் எப்ப?"

ஹெலிகாப்டருக்கு வியாழன்வரை இடமில்லை. திங்கட்கிழமைக் கப்பலைப் பிடித்தால் செவ்வாய் விடிய கச்சாலில் இறங்கலாம். அதை விட்டால் வெள்ளிதான். காத்தமுத்து ஷாதிபூரில் தன் அறையிலிருந்தபடியே போனில் டிக்கெட் போட்டான். போன் 11.30 என்று காட்டியது. அவனுக்கு ஒரு கணம் உறுத்தியது. ஆறு என்று அடித்த ஞாபகம் விரலில் இருந்தது. ஆனால் தீவில் பிறந்தவனுக்குக் கப்பல் நேரம் மாறுவது மழை பெய்கிற மாதிரி. கடல் சரியில்லை, தள்ளிவைத்திருப்பார்கள் என்று நினைத்தான்.

"பதினொன்றரை அக்கா. பத்து மணிக்குத் துறைமுக ஜெட்டியில நில்லுங்க."

சொன்னபடி அவள் நின்றாள். மகனுக்குக் கட்டப் புது வேட்டியும் வைத்திருந்தாள். வாசல் காவலாளி டிக்கெட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "தீதி, ஜஹாஸ் தோ சுபா சே பஜே நிகல் கயா." காலை ஆறு மணிக்கே போய்விட்டதாம். முன்கூட்டியே கவுண்டரில் டிக்கெட் வாங்கி நேரம் எழுதி வைத்திருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். புதிதாகப் போனில் வாங்கிய பத்துப் பன்னிரண்டு பேர்தான் காலியான கடலைப் பார்த்து நின்றார்கள்.

அலுவலகத்தில் காத்தமுத்து மெயின்லேண்டுக்குப் போன் போட்டான். சாப்ட்வேர்காரப் பெண் சௌமியா பொறுமையாகத்தான் விளக்கினாள்.

"நேரத்தோட எந்த நாட்டு நேரம்னு சொல்லலைன்னா டேட்டாபேஸ் அத லண்டன் பக்கத்து நேரம்னு எடுத்துக்கும் சார். போன்ல காட்டும்போது நம்ம நேரத்துக்கு மாத்த அஞ்சரை மணி நேரம் கூட்டிடும். உங்க ஆபீஸ் ஸ்க்ரீன் மாத்தாம அப்படியே காட்டும். ஒரு செட்டிங்தான், ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

ரெண்டே நிமிஷம். அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் முறையிடுவது?

அன்று சாயங்காலமே கச்சாலில் அடக்கம் முடிந்தது. ஒச்சம்மா கப்பலில் ஏறவில்லை என்று போனில் தெரிந்த பிறகு யாருக்காக வைத்திருப்பது என்று ஊரார் கேட்டார்களாம். ருக்கு போனில் காட்டினாள், சிக்னல் விட்டு விட்டு வந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காத்தமுத்து புரோத்ராபூர் போய் உள்ளதை உள்ளபடி சொன்னான். காலில் விழக்கூடத் தயாராக இருந்தான். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். ஒச்சம்மா திட்டவில்லை. மடியில் அந்த வேட்டி மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"கூடிப் போச்சுங்கிறியே தம்பி, அஞ்சரை மணி நேரம். அது யாருக்குக் கூடிச்சு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு கச்சால்காரர்கள் அவனிடம் நேரம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். குளிக்கும்போது போன் அடிப்பதில்லை. ஒருத்தி மட்டும் வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கேட்க வேறு ஆளும் கிடையாது.

"காரியத்துக்காவது போகணும் தம்பி. நாளைக்குக் கப்பல் எப்ப?"

திரையில் ஆறு. போனிலும் ஆறு. அவன் இரண்டையும் நம்பவில்லை. வெயிலில் ஜெட்டிக்கு நடந்து, ஒட்டியிருந்த தாளை விரல் வைத்துப் படித்தான். காவலாளியைக் கேட்டான், மாலுமி ஒருவனையும் கேட்டான். பிறகுதான் திரும்பக் கூப்பிட்டான்.

"ஆறு மணிக்கு அக்கா."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அது ஒன்னோட ஆறா தம்பி, எங்களோட ஆறா?"