பஞ்சமத்தில் நிற்காத கிண்ணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தைரியசாலி இல்லை. குளிக்கிற இடத்தில் கரப்பான்பூச்சி இருந்தால் குளிக்காமலே ஆபீசுக்குப் போகிற ஆள். அப்படிப்பட்டவன் பெருமைக்காகப் பேய்க்கதை கட்டுவேனா? நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டேன். அதுவும் அரை அடி தூரத்தில். மலாக்கா, காஜா பேராங்கில், 1957 ஆகஸ்ட் 20 தொடங்கி 23 வரை. நேரத்தையெல்லாம் அப்போதே நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நோட்டு போட்டது பேய்க்காக அல்ல. ஜலதரங்கத்துக்காக.

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குப் பதினோரு நாள் இருந்தது. எங்கள் வாலிபர் சங்கத்தில் கொண்டாட்டக் கச்சேரி. மிருதங்கத்திலிருந்து என்னை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தார்கள். நான் வாசித்தால் பாடுகிறவர் பின்னால் ஓடிவர வேண்டியிருந்ததாம். விடுவேனா? பண்டார் ஹிலிரில் மருதப்பன் கடையில் கிடந்த ஒரு ஜலதரங்கப் பெட்டியை, நாலு நாள் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

"சனிக்கிழமை காலையில எனக்குப் பதில் சொல்லணும் கருணா," என்றார் சங்கச் செயலாளர் நடராஜன். "சாமான் நல்லா இருந்தா நீ மேடையில. இல்லன்னா கிராமபோன்."

"கிராமபோன் என்னைவிட ஒசத்தியா?"

"அது தாளம் தப்பாது."

சதுரமான மரத்தட்டு. நாலு வரிசை, வரிசைக்கு நாலு பள்ளம். பள்ளத்துக்கு ஒன்றாகப் பதினாறு பீங்கான் கிண்ணங்கள். தண்ணீர் ஊற்றி மூங்கில் குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். குறைந்தால் ஏறும். அவ்வளவுதான்.

மேடையைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், அதே வீட்டின் மறுபாதியில் குடியிருந்த கமலவேணி. தையல் வேலை செய்கிறவர். அந்த மாதம் முழுக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் பொன்னுதுரையை 1943இல் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினாலு வருஷம். கடிதம் இல்லை. சாவுச் சேதியும் இல்லை.

சித்திரையில் ஒருநாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுக்கிற சாக்கில், என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க நல்லவருதான் கிராணி," என்றார். நான் ஆபீஸ் குமாஸ்தா என்பதால் எனக்கு அந்தப் பெயர். "ஆனா அவரு இல்லைன்னு பார்த்தவங்க யாராச்சும் வந்து சொல்லணும். அதுவரைக்கும் நான் அவரு பொண்டாட்டி."

அப்படிச் சொல்ல ஓர் ஆள் வரவேண்டும். என் வாழ்க்கை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் கொடி வாங்க வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போது ஒரு பள்ளம். 'டக்' என்று சத்தம். மூன்றாம் வரிசையில் இரண்டாவது கிண்ணம் விரிசல். பஞ்சமம். அது இல்லாமல் எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டும் நகராது. எனக்கென்று பார்த்து அது உடைந்தது.

கமலவேணியிடம் ஒரு கிண்ணம் கேட்டேன். தயங்கினார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சேவல் படம் போட்ட வெள்ளை மங்குக் கிண்ணம்.

"அவரோடது. அவரு போனதிலேருந்து இதுல யாரும் ஒண்ணும் ஊத்தினதில்ல. ஒடைச்சீங்க, அப்புறம் என்கிட்ட பேசவே வேணாம்."

இரவு 7.15க்கு எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்தேன். நோட்டில் எழுதினேன். 'முதல் வரிசை: லேசாகத் தொட்டாலே பேசுகிறது. இரண்டாம் வரிசை: சோம்பேறி, ஓங்கித் தட்ட வேண்டும். மூன்றாம் வரிசை: சேவல் மங்கு பிரமாதம்.'

7.40க்குக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்து தட்டினேன். பஞ்சமம் அரை ஸ்வரம் ஏறியிருந்தது.

தண்ணீர் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. கசிவா? அடியில் நியூஸ்பேப்பர் வைத்தேன். நனையவில்லை. மறுபடி ஊற்றினேன். இரவு முழுக்க நன்றாக இருந்தது.

புதன். 7.40. அதே கிண்ணம். இரண்டு விரல்.

பூனையைத் திட்டினேன். பூனை வீட்டிலேயே இல்லை. மருதப்பனைத் திட்டினேன். என் காதைத் திட்டினேன். மற்றப் பதினைந்து கிண்ணங்களும் அப்படியே இருந்தன. நாலு நாளில் இரண்டு நாள் போய்விட்டது. ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்கவில்லை. பஞ்சமம் வருகிற இடமெல்லாம் பல் கூசியது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

"கிராணி, அந்த ஒண்ணை மட்டும் தட்டாம விடக்கூடாதா?"

எவ்வளவு அவமானம் பாருங்கள்.

வியாழன். கிண்ணத்தின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். தண்ணீர் சரியாகக் கோட்டில். கதவைத் தாழிட்டேன். ஜன்னல் கொக்கி மாட்டினேன். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கையில் மூங்கில் குச்சி. ஆயுதமாம்.

7.36. ஒன்றும் இல்லை.

7.38. தையல் மிஷின் சத்தம் நின்றது. கமலவேணி சாப்பிட எழுந்திருப்பார்.

7.39. மேசை விளக்கைச் சுற்றிய ஈசல்கள் விலகிப் போயின. எல்லாமே... ஒரே பக்கமாக.

7.40.

மடக்.

தண்ணீர் நடுங்கியது. கிண்ணம் அசையவில்லை.

மடக்... மடக்...

கோட்டுக்குக் கீழே. இன்னும் கீழே.

நின்றது. யாரோ மூச்சு விட்டார்கள். நான் இல்லை. நான் மூச்சையே மறந்து போயிருந்தேன்.

மடக்.

காலி.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்தச் சத்தம்... அது தாகத்தின் சத்தம். நாள் முழுக்க வெயிலில் கிடந்தவன் குடிப்பானே, அந்தச் சத்தம். கூஜாவை எடுத்து ஊற்றினேன். பாதி மேசைக்குப் போனது.

காலி.

மறுபடி ஊற்றினேன்.

காலி.

நாலு தடவை. கூஜாவில் அடித்தண்ணீர்தான் மிச்சம். அதையும் ஊற்றினேன்.

7.52. தண்ணீர் நின்றது. சரியாகக் கோட்டில் நின்றது.

என்ன புத்தியோ, குச்சியால் லேசாகத் தட்டினேன். சுத்தமான பஞ்சமம். மூன்று நாளாக என் உயிரை வாங்கிய பஞ்சமம்.

அன்று தூங்கவில்லை. யார் குடித்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உயிரோடு இல்லை என்பதும். நாலு மாதமாக நான் காத்திருந்த சேதி அதுதான். அதை நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? பெண் கேட்டவனே வந்து, உங்கள் புருஷன் செத்துவிட்டார், மங்கு சொல்கிறது என்றால், மங்கு என் தலையில்தான் உடையும்.

வெள்ளி மாலை 5.30. ஒரு சைக்கிள் வந்து வாசலில் நின்றது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணுக்காலில் பெரிய வடு. கமலவேணி கொடியும் கையுமாக வெளியே வந்தார்.

"பொன்னுதுரை சம்சாரமா?"

"ஆமா. நீங்க?"

"சுப்பையன். சயாம்ல அவனும் நானும் ஒரே கொட்டாயி." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவனுக்கு வாந்திபேதி வந்துச்சு தங்கச்சி. தண்ணி தண்ணின்னு கேட்டான். குடுத்தா செத்துருவான், குடுக்காதேன்னாங்க. தகரக் குவளை என் கையிலதான் இருந்துச்சு. குடுக்கல. விடியறதுக்குள்ள போயிட்டான். நான்தான் தூக்கிப் போட்டேன்."

கமலவேணி கொடியில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீங்க எப்ப திரும்பி வந்தீங்க?"

"நாப்பத்தஞ்சுல."

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான். புக்கிட் காதில்."

சைக்கிளில் அரை மணி தூரம். பன்னிரண்டு வருஷம்.

"அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

சுப்பையன் திரும்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். கமலவேணி கையிலிருந்த கொடியை முனையோடு முனை சேர்த்து மடித்துக்கொண்டு உள்ளே போனார். அன்று மிஷின் ஓடவில்லை. 7.40க்கு நான் சேவல் மங்கில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை நடராஜனிடம், "கிராமபோனே போடு," என்றேன். காரணம் கேட்டார். பஞ்சமம் நிற்கவில்லை என்றேன். பொய் இல்லையே.

அடுத்த தையில் கமலவேணி என்னைக் கட்டிக்கொண்டார். இருபது பேருக்குச் சாப்பாடு. சுப்பையனையும் அவர்தான் கூப்பிட்டிருந்தார். கை கழுவும்போது சுப்பையன் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அன்னைக்கு தங்கச்சி கேட்டுச்சே, எதுக்கு வந்தேன்னு. அதுகிட்ட சொல்லாதீங்க தம்பி. சயாம்லேருந்து வந்த நாள் தொட்டு, தெனம் ராத்திரி ஏழு நாப்பதுக்கு என் வீட்டுக் கெணத்துல வாளி எறங்கும். கயிறு ஓடும். போய்ப் பார்த்தா ஆள் இருக்காது. வாளியில சொட்டுத் தண்ணி இருக்காது. பன்னெண்டு வருஷம்."

"இப்பவும் இறங்குதா?"

"இல்ல. அந்த ஆகஸ்டுல ஒரு செவ்வாக்கெழம நின்னுபோச்சு. மூணு ராத்திரி காத்துக்கிட்டு கெடந்தேன். சத்தம் வராததுதான் பெரிய பயமா இருந்துச்சு. அதான் வெள்ளிக்கெழம கெளம்பி வந்தேன்."

பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன்.

சேவல் மங்கு இப்போது எங்கள் சமையற்கட்டில் இருக்கிறது. சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கமலவேணி காரணம் கேட்டதில்லை. காலையில் அதை எடுத்துத் தனியாகக் கழுவி வைப்பார்.

கல்யாணமான ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை, இருவரும் சாயங்கால ஆட்டம் சினிமாவுக்குப் போனோம். திரும்பி வரும்போது மணி 9.20. களைப்பு. படுத்துவிட்டேன். மங்கு நினைவே வரவில்லை.

மறுநாள் காலை 6.10. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். சுப்பையன். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே போட்டிருந்தார். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது.

மங்கைப் பற்றி அவரிடம் நான் அன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"தம்பி," என்றார். "நேத்து ராத்திரி... மறுபடியும் வாளி எறங்கிச்சு."