நான் பாதியில் நிறுத்திய படங்கள்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில், குளிர்காலத்தில் காஞ்சிபுரத்துச் சூடு ஓரிடத்தில்தான் கிடைக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்து மைக்ரோஸ்கோப்பை மூடியிருக்கும் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி. மனித செல்கள் உயிரோடிருக்க அவ்வளவு வேண்டும். முழு மனிதனான எனக்கும்தான் வேண்டும், ஆனால் அதற்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை. செல்களைச் சரிபார்க்கும் பாவனையில் பெட்டியின் மேல் கைகளை வைத்துக் குளிர்காய்வேன்.

என் வேலையே வேடிக்கை பார்ப்பதுதான். வைரஸை எதிர்க்கும் ஒரு புரதம் உயிருள்ள செல்லுக்குள் எப்படி நடமாடுகிறது என்று படமெடுக்க வேண்டும். அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறோம். வைரஸ் நுழைந்ததும் அதைச் சுற்றித் திரண்டு ஒரு புள்ளியாகத் தெரியும். அரை நிமிடத்துக்கு ஒரு படம், ஐந்து மணி நேரம். என் புள்ளிகளோ பாதியிலேயே காணாமல் போயின. போனதும் கருவியை நிறுத்தி, 'பழுது' என்று குறித்துவிட்டு, வேறு செல்லோடு தொடங்குவேன். ஏழு மாதம் இதே கூத்து. டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. கையில் முடிவு இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா அதற்குத்தான் காத்திருந்தாள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் எனக்காக வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

நிறுத்துவது என் பிறவிக் கோளாறு. காஞ்சிபுரத்தில், எங்கள் பிள்ளையார்பாளையத்து வீட்டில் அம்மா நெய்யும்போது ஓர் இழை அறுந்தால் அந்த நொடியே தறி நிற்கும், முடிச்சுப் போட்ட பிறகுதான் ஓடும். சின்ன வயதில் ஒருநாள் அறுந்ததைப் பார்த்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சேலையில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்தது. "இழை அறுந்துக்கினு கெடக்குது, நீ வேடிக்கை பாத்துக்கினு இருக்கியா?" என்று அவள் முதுகில் வைத்த அடி ஜெர்மனி வரை கூட வந்திருக்கிறது.

எங்கள் குழுத் தலைவி உலா. பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்லி மூன்று வருடமாகிறது. இன்னும் அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறேன். நான் வெளியே போகிறேன் என்று நினைத்து அவர் வழிவிடுகிறார். நவம்பரில் பழுதான படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. நானே கவனித்து உடனுக்குடன் நிறுத்திவிட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்" என்றார்.

உட்கார்ந்தேன். புள்ளி மறைந்தது. கை பரபரத்தது. இருபது நிமிடம் கழித்து அதே செல்லின் இன்னொரு மூலையில், வேறொரு வைரஸைச் சுற்றிப் புள்ளி திரண்டது. கலைந்துபோன அதே புரதம்தான் அங்கே கூடியிருக்கிறது என்று பிறகு உறுதிசெய்தோம். பழுது என்று ஏழு மாதம் ஒதுக்கித்தள்ளியதுதான் விடை. உலா சிரித்தார், நானும் சிரித்தேன். என்னுடையது வெட்கச் சிரிப்பு.

ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது. அம்மாவிடம் அதை நேராகச் சொல்லத் துணிவில்லாமல், போனில் முதலில் புரதத்தின் கதையைச் சொன்னேன், பிறகு ஒப்பந்தத்தை.

"கலஞ்சி போனது திரும்ப வருதுன்றியே, அதே எடத்துக்கா வருது?"

"இல்லமா. வேற எடத்துல."

"சரிபா. ஒடம்ப பாத்துக்க."

போனைத் துண்டிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது, தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது. கூட்டம் தொடங்கிவிட்டது என்று அறைக்குள்ளிருந்து உலா அழைத்தார். ஒரு காதில் தறியும் மறு காதில் ஜெர்மனுமாக, போனையும் வைக்காமல் உள்ளேயும் போகாமல், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.