புழுப்பெட்டியை வைத்த இடம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் என் இறுதி ஆண்டு ஆய்வைச் செய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. என் ஊர் பூனாகலை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். தேயிலையில் ஆய்வு செய்யப்போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "கேம்பஸ் போயும் கொழுந்துதானா?" என்றார் அம்மா.

வேலை இதுதான். ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள, கண்ணாடி போன்ற உடம்புடைய புழுக்கள். உடம்புக்குள் ஒட்சிசன் கெடுதலாக மாறி கலங்களை அரிப்பதை ஒட்சியேற்ற அழுத்தம் என்போம். அது கூடினால், நாம் கொடுக்கும் சாயம் புழுவுக்குள் பச்சையாக ஒளிரும். நுணுக்குக்காட்டியில் அந்தப் பச்சையை அளக்க வேண்டும். தேயிலைச் சாறு அந்த அழுத்தத்தைக் குறைக்கும், அதனால் சாறு குடித்த புழு மங்கலாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

முதல் தடவை பார்த்தபோது, சாறு குடித்தது, குடிக்காதது எல்லாமே பளீரென்று பச்சையாக எரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது. பட்டால் கெட்டுப்போய்த் தானாகவே ஒளிரும். அன்று காலை, துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஜன்னல் கண்ணாடி துடைக்கத் திரையை விலக்கியிருந்தார். அவர் கொஸ்லந்தப் பக்கம். என்னைப் போலவே தோட்டத்துப் பிள்ளை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எனக்குப் பொறுப்பான விரிவுரையாளர் மிஸ்ஸிடம் போய், அக்காதான் சாயத்தைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

"நான் சாயத்தத் தொடவே இல்லயே தங்கச்சி" என்றார் அக்கா. அவ்வளவுதான். அந்த அறைக்குள் வரக்கூடாது என்று அவருக்கு உத்தரவானது. அவர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர். மாதக் கடைசியில் அதை நீட்டிக்க மிஸ்ஸின் கையெழுத்து வேண்டும். மிஸ் அதை நிறுத்தி வைத்துவிட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புழுக்கள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன.

அடுத்த வாரம் புதுச் சாயம் எடுத்து, திரையை இழுத்து மூடி, அறைச் சாவியை நானே வைத்துக்கொண்டு மறுபடி செய்தேன். அதே பச்சை. இப்போது குற்றம் சொல்ல ஆள் இல்லை.

புழுத் தட்டுகளை அடுக்கிய பெட்டியை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன், தட்டு மூடியின் உள்பக்கம் ஆவி கட்டி முத்து முத்தாக நிற்கிறது. எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஈரச் சப்பாத்து, தயிர் உறைய வைக்கும் சட்டி, குளிரில் விறைத்த கோழிக்குஞ்சு எல்லாமே அடுப்போரம்தான் போகும். அந்தப் பழக்கத்தில், இருபது பாகையில் புழு வளர்க்கும் அலுமாரியிலிருந்து எடுத்த புழுக்களுக்கும் பனிக்காலக் குளிர் ஆகாது என்று நினைத்து, கண்ணாடிச் சாமான் காயவைக்கும் சூட்டடுப்பின் மேல் பெட்டியை வைத்திருக்கிறேன். இரண்டு தடவையும். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் முப்பத்துநான்கு பாகை. சூடும் அதே ஒட்சியேற்ற அழுத்தத்தைக் கூட்டும். சூடு தாங்காமல் துடித்த புழுக்களைத்தான் நான் அளந்திருக்கிறேன்.

அரை மணித்தியாலம் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை இடம் மாற்றினால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது, மறைப்பானேன். பிறகு மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் யாழ்ப்பாணத்தவர். "என்னட்டச் சொன்னது காணும். இனி அவவிட்டப் போய்ச் சொல்லும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட அக்காவின் ஒப்பந்தக் கடிதத்தை எடுத்தார்.

அக்கா வராந்தாவில் கூட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மொத நாளே பெட்டி அங்க இருக்கிறத பாத்தேன் தங்கச்சி. தொட்டா சூடா இருந்துச்சு. படிச்ச புள்ள, தெரிஞ்சுதானே வச்சிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் தடவை அளவு சரியாக வந்தது, பட்டமும் கிடைத்தது. இன்று நானும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கணக்கு எங்காவது பிழைத்தால், முதலில் என் கையைத்தான் சந்தேகிக்கிறேன், அடுத்து, அறையைக் கூட்டுகிறவரிடம் போய், "நீங்க ஏதாச்சும் கவனிச்சீங்களா?" என்று கேட்கிறேன். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், அன்று கேட்காமல் விட்டதற்காக எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.