போட்டோவுக்குப் போட்ட மாலை

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் போதகர் சபைக்கு வந்து இருபத்தைந்து வருடம் நிறைந்ததைக் கொண்டாடினோம். மேடை எடுப்பாக இருக்கட்டுமே என்று அவருடைய போட்டோவை நாற்காலியில் வைத்து, ரோஜா மாலையும் போட்டது நான்தான். அறிவுகெட்டவன்!

உள்ளே வந்த அவர் மனைவி, "ஐயோ!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட கீற மனுசன் போட்டோவுக்கு எவன்யா மாலை போட்டது?" என்று சபை மூப்பர் கத்தினார். போதகருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பின்னாலேயே வந்த போதகர் அந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நான்தான் வந்துட்டேனே, போட்டோவுக்கு எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறு பிரசங்கத்தில் அவர் லேசாக இருமினால் போதும், முன்வரிசையிலிருந்து அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.